ஆசிரியர் வழிகாட்டியான வரலாறு

பாடசாலைப் படிப்பை முடித்து வெளியேறும் பிள்ளையை நோக்கி உலகம் கேட்கும் முதற் கேள்வி, ‘இனி என்ன செய்யப் போகிறாய்?’ என்பதாகும். முன்னாளில் இக்கேள்விக்கு விடை தேடவேண்டிய அவசியம் பெரும்பாலோர்க்கு இருந்ததில்லை. உழவன் மகன் ஏரைப் பிடித்தான். கொல்லன் மகன் உலைக்களத்தில் நின்றான். வணிகன் மகன் தந்தையின் கடையிற் கணக்கெழுதினான். தொழில் என்பது பிறப்போடு வந்து சேர்ந்தது. இயந்திரத் தொழில் பெருகி, நகரங்கள் விரிந்து, எழுத்தறிவு எல்லார்க்கும் உரியதாகியபின் இந்நிலை மாறிற்று. ஒரு பிள்ளையின் முன் நூறு வழிகள் திறந்தன. வழிகள் பலவாகியபோது வழி தெரியாத மயக்கமும் கூடவே பிறந்தது.

இந்த மயக்கத்திற் பிள்ளைக்குத் துணை நிற்பவர் யார்? பெற்றோருக்கு அன்புண்டு; ஆயின் அவர்கள் அறிந்த தொழில்கள் சில. அயலாருக்கு ஆலோசனை கூறும் ஆவலுண்டு. ஆயின் பிள்ளையை அவர்கள் அறியார். நாள்தோறும் பிள்ளையைக் கண்டு, அதன் ஆற்றலையும் அயர்வையும் அறிந்தவர் ஆசிரியர் ஒருவரே. ஆகவே அவரே வழிகாட்டியாதல் பொருந்தும் என்று பலரும் கருதினர். எனினும், பாடம் சொல்லிக்கொடுத்தல் ஒரு கலை. ஒரு பிள்ளையின் வருங்காலத்தைப் பற்றி அப்பிள்ளையோடு இருந்து பேசுதல் வேறொரு கலை. இந்த இரண்டாவது கலையையும் ஆசிரியருக்கு முறையாகப் பயிற்றவேண்டும் என்ற எண்ணம் நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதுடையது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், பிறநாடுகளிலிருந்து குடியேறிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஒரு பகுதியில் அவ்வெண்ணம் தோன்றிற்று. ஐம்பது ஆண்டுகள் செல்வதற்குள் அது கடல் கடந்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர் தலைமையில் எழுந்த அறிக்கையில் இடம்பெற்றது. அந்தப் பயணத்தின் கதை, ஆசிரியத் தொழிலை மதிப்போர் யாவரும் அறியத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பொஸ்டன் நகரின் வடமுனைப் பகுதியில் இத்தாலியரும், ருஷ்ய நாட்டிலிருந்து வந்த யூதரும் பெருந்தொகையாகக் குடியேறியிருந்தனர். அவர்களின் பிள்ளைகள் இளவயதிலேயே பாடசாலையை விட்டு, கைக்கெட்டிய முதல் வேலையிற் சேர்ந்தனர். சில மாதங்களில் அதனை விட்டு வேறொன்றிற் புகுந்தனர். அங்கும் நிலைத்தாரில்லை. இவர்களுக்காக 1901ஆம் ஆண்டில், போலின் அகாசிஸ் ஷா என்னும் செல்வப் பெண்மணியின் உதவியோடு ‘குடிமைச் சேவை இல்லம்’ என்ற நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அதனை நடத்தியவர் மேயர் புளூம்ஃபீல்ட் என்னும் இளைஞர். அவரும் குடியேற்றக்காரர் வழிவந்தவரே. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரிற் பிறந்து, சிறு வயதில் நியூயோர்க்கின் ஏழைத் தெருக்களில் வளர்ந்து, பின்னர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றவர்.

அந்த இல்லத்திற்கு வந்து சேர்ந்தவர் பேராசிரியர் பிராங்க் பார்சன்ஸ். 1854இற் பிறந்த இவரின் வாழ்க்கையே தொழில் தேடி அலைந்த ஒருவரின் வாழ்க்கையாக அமைந்திருந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்று 1873இற் பட்டம் பெற்றார். புகையிரத வீதி அமைக்கும் கம்பனி ஒன்றில் வேலையும் பெற்றார். அவ்வாண்டிலேயே நாட்டிற் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட, அவ்வேலை பறிபோயிற்று. சில காலம் கூலி வேலை செய்தார். பின்னர்ப் பாடசாலை ஆசிரியரானார். அதன்பின் சட்டம் படித்து 1881இற் சட்டத்தரணியானார். சட்டக் கல்லூரியிற் கற்பித்தார், நூல்கள் எழுதினார், 1895இற் பொஸ்டன் மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். தக்க தொழில் எதுவென அறியாது ஒருவர் எத்தனை ஆண்டுகளை இழக்கக்கூடும் என்பதைத் தம் வாழ்விற் கண்டறிந்தவர் அவர்.

பொஸ்டனில் மாலை வகுப்புகளிற் படித்து முடிக்கும் இளைஞர்க்குப் பார்சன்ஸ் ஒரு முறை தொழில் தேர்வைப் பற்றி உரை நிகழ்த்தினார். உரை முடிந்ததும் இளைஞர் பலர் தனியே அவரைச் சந்தித்துப் பேச விரும்பினர். கூட்டத்திற் கேட்ட பொது அறிவுரை ஒவ்வொருவரின் தனிக் கேள்விக்கும் விடையாகாது என்பது அப்போது தெளிவாயிற்று. இதன் பயனாக, 1908 ஜனவரி மாதத்தில், குடிமைச் சேவை இல்லத்தின் சார்பிற் ‘பொஸ்டன் தொழில் நிலையம்’ தொடங்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் வெளியிட்ட முதல் அறிக்கையிலேயே ‘தொழில் வழிகாட்டல்’ என்ற தொடரைப் பார்சன்ஸ் கையாண்டார். இன்று உலகமெங்கும் வழங்கும் அத்தொடர் அச்சேறியது அந்த அறிக்கையில் என்பர்.

பார்சன்ஸ் வகுத்த முறை எளிது. முதலாவது, இளைஞன் தன்னைத் தான் அறிதல் வேண்டும். தன் விருப்பம், ஆற்றல், குறை, உடல்நிலை, குடும்ப வசதி ஆகியவற்றை ஒளிக்காது ஆராய வேண்டும். இரண்டாவது, தொழில்களை அறிதல் வேண்டும். ஒவ்வொரு தொழிலுக்கும் வேண்டிய தகுதி, அதிற் கிடைக்கும் ஊதியம், முன்னேறும் வாய்ப்பு, அதன் இடர்கள் யாவும் தெரிந்திருத்தல் வேண்டும். மூன்றாவது, இவ்விரண்டுக்குமுள்ள பொருத்தத்தைச் சரியாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். இம்மூன்றும் எண்ணுபவன் இளைஞனே. வழிகாட்டி அவனுடன் இருந்து எண்ணுபவர். பிள்ளைக்காகத் தொழிலைத் தாமே முடிவு செய்தல் தம் வேலையன்று எனப் பார்சன்ஸ் திட்டமாகக் கூறினார். பிற்காலத்தார் பலர் மறந்துபோன வாக்கு இதுவேயாகும்.

அவரின் முறையிற் குறைகள் இல்லாமலில்லை. வந்தவரிடம் நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களைக் கேட்ட அவர், அவர்தம் தலையின் அமைப்பையும் முகத்தோற்றத்தையும் கவனித்து மனத்தை மதிப்பிட முயன்றார். தலை அமைப்பைக் கொண்டு அறிவை அளக்கலாம் என்ற நம்பிக்கை அக்காலத்தில் எஞ்சியிருந்தது. அதற்கு ஆதாரமில்லை என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. நல்ல நெஞ்சம் இருந்தாற் போதாது, நம்பத்தக்க அறிவும் வேண்டும் என்பதற்கு இது முதற் சான்று.

இக்குறையைப் பார்சன்ஸும் ஒருவகையில் உணர்ந்திருந்தார் போலும். தொழில் வழிகாட்டல், மனம்போன போக்கில் எவரும் செய்யும் வேலையாகிவிடலாகாது. அதற்கெனப் பயின்றவர்களே அதனைச் செய்யவேண்டும் என அவர் கருதினார். பொஸ்டன் வாலிப கிறிஸ்தவ சங்கத்தோடு சேர்ந்து, வழிகாட்டிகளைப் பயிற்றும் வகுப்புக்கு அவர் திட்டம் வகுத்தார். அதிற் சேர விரும்புவோர் 25 வயதுக்குக் குறையாதவராயும், உயர்தரப் பாடசாலைக் கல்வி பெற்றவராயும், நற்பண்புக்குச் சான்று உடையவராயும் இருத்தல் வேண்டும் என விதித்தார். ஆனால் அத்திட்டம் வளர்வதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1908 செப்டெம்பர் 26ஆம் நாள், நிலையம் தொடங்கி ஒன்பது மாதங்கள் நிறையுமுன், அவர் காலமானார். அவர் எழுதிவைத்த ‘தொழிலைத் தேர்ந்தெடுத்தல்’ என்ற நூல் அடுத்த ஆண்டில், 1909இல், வெளிவந்தது.

பார்சன்ஸ் தொடக்கிய பணியைப் பாடசாலைகளுக்குள் கொண்டுசென்றவர் புளூம்ஃபீல்ட். 1909இற் பொஸ்டன் கல்விச் சபை, தொழில் நிலையத்தின் உதவியை நாடிற்று. நகரின் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் ஆசிரியர்கள் தொழில் ஆலோசகராக நியமிக்கப்பட்டனர். அவர்களின் தொகை 117 என வரலாறு கூறுகின்றது. உலகில் முதன்முறையாக ஒரு நகரம் முழுவதிலும் ஆசிரியர்கள் வழிகாட்டிகளாக அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சி இதுவேயெனலாம்.

ஆயின், அறிவிப்பினால் மட்டும் ஒருவர் வழிகாட்டியாகிவிடுவாரா? இந்த ஆசிரியர்கள் கணக்கும் இலக்கணமும் அறிந்தவர்கள். நகரின் சப்பாத்துத் தொழிற்சாலையில் ஒரு சிறுவன் என்ன வேலை செய்வான், எத்தனை மணி நேரம் நிற்பான், ஐந்தாண்டு கழிந்தபின் அவன் நிலை என்ன என்பவற்றை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. எனவே அவர்களுக்கெனச் சொற்பொழிவுத் தொடர் ஒன்று ஒழுங்கு செய்யப்பட்டது. சப்பாத்துத் தொழிலைப் பற்றியும், பெரிய அங்காடிகளில் வேலை செய்யும் சிறுவர் சிறுமியரைப் பற்றியும், இயந்திரத் தொழிலைப் பற்றியும் அவற்றை நேரில் அறிந்தவர்கள் வந்து உரையாற்றினர். ஆசிரியர்கள் மாணாக்கராக அமர்ந்து குறிப்பெடுத்தனர்.

இத்துடன் தொழில் நிலையம் சிறு நூல்களையும் வெளியிட்டது. பாண் போறணைத் தொழில், இயந்திரத் தொழில், பலசரக்கு வாணிகம், வங்கி வேலை, கட்டடக் கலை என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நூல் வந்தது. பெண்பிள்ளைகளுக்கெனத் தொலைபேசி இணைப்பு வேலை, புத்தகம் கட்டுதல், தையல் முதலியவற்றைப் பற்றி வேறொரு சங்கம் இவ்வாறே நூல்களை வெளியிட்டது. ஊதியம் எவ்வளவு, தொழில் கற்க எத்தனை காலம் வேண்டும், உடல்நலத்திற்குக் கேடு உண்டா என்பன போன்ற செய்திகளை அவை ஒளிக்காது கூறின. ஆசிரியப் பயிற்சியின் முதற் பாடம் இவ்வாறு பாடசாலைச் சுவருக்கு வெளியே உள்ள உலகைக் காண்பதாகவே அமைந்தது.

எனினும் பொஸ்டன் ஆசிரியர்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. புதிய கடமை வந்ததேயன்றிப் பழைய கடமை குறையவில்லை. வகுப்புகள் முழுவதையும் நடத்தி முடித்தபின், எஞ்சிய நேரத்தில் அவர்கள் பிள்ளைகளோடு பேசவேண்டியிருந்தது. இதற்கென மேலதிக ஊதியமும் இல்லை. ஆர்வமுள்ளோர் அரும்பாடுபட்டனர், ஏனையோர்க்கு ஆலோசகர் என்பது பெயரளவில் நின்றது. வழிகாட்டலுக்குப் பயிற்சியும் வேண்டும், நேரமும் வேண்டும் என்ற உண்மை இம்முதல் முயற்சியிலேயே வெளிப்பட்டுவிட்டது. பிற்காலத்திற் பல நாடுகள் இதே தவறைத் திரும்பவும் செய்தன.

ஏறக்குறைய அதே காலத்தில், மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் ஜெசி டேவிஸ் என்னும் பாடசாலை அதிபர் வேறொரு வழியைக் கையாண்டார். 1907இல் அதிபர் பதவியேற்ற அவர், ஆங்கிலக் கட்டுரை வகுப்பிலேயே தொழில்களைப் பற்றியும் நல்லொழுக்கத்தைப் பற்றியும் மாணாக்கர் ஆராய்ந்து எழுத ஏற்பாடு செய்தார். தனி ஆலோசகர் ஒருவரிடம் வழிகாட்டலை ஒப்படைப்பதா, எல்லா ஆசிரியரும் தத்தம் பாடத்தினூடே அதனைச் செய்வதா என்ற விவாதத்தின் இரு பக்கங்களும் இவ்வாறு தொடக்கத்திலேயே தோன்றின. 1911ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் தொழில் வழிகாட்டலைப் பற்றி புளூம்ஃபீல்ட் ஒரு பாடநெறியை நடத்தினார். பல்கலைக்கழகம் ஒன்றில் இத்துறைக்கு இடம் கிடைத்தது அதுவே முதன்முறை. 1913இல் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் தேசிய தொழில் வழிகாட்டற் சங்கம் நிறுவப்பட்டது. 1917இற் பொஸ்டன் தொழில் நிலையமே ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஏழைத் தெருவிற் பிறந்த முயற்சி, பத்தாண்டுக்குள் பல்கலைக்கழக வாயிலிற் புகுந்துவிட்டது.

அதே 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரிற் சேர்ந்தது. படையிற் சேர்ந்தோரைத் தரம் பிரிக்க உளநூலறிஞர்கள் நுண்மதிச் சோதனைகளை வகுத்தனர். ஏறக்குறைய 17 இலட்சம் பேர் அச்சோதனைக்கு உட்பட்டனர். போர் முடிந்ததும் இவ்வகைச் சோதனைகள் பாடசாலைகளுட் புகுந்தன. தலை அமைப்பைப் பார்த்து அறிவை மதித்த காலம் போய், தாளில் இட்ட புள்ளியைப் பார்த்து மதிக்கும் காலம் வந்தது. ஒரு மணி நேரச் சோதனையாற் பிள்ளையின் இயல்பு முழுவதையும் அறிந்துவிடலாம் என்ற மயக்கம் பலரைப் பிடித்தது.

இதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. அமெரிக்க வாழ்க்கையையும் ஆங்கில மொழியையும் நன்கறிந்தவர்க்கே அச்சோதனைகள் எளிதாயிருந்தன. புதிதாகக் குடியேறியோர் குறைந்த புள்ளி பெற்றனர். அதைக் கொண்டு, கார்ள் பிரிகம் என்னும் அறிஞர் 1923இல் எழுதிய நூலில், தென் ஐரோப்பாவிலிருந்தும் கீழை ஐரோப்பாவிலிருந்தும் வந்தோர் பிறவியிலேயே அறிவிற் குறைந்தவர் என முடிவு கட்டினார். ஏழாண்டு கழிந்தபின், 1930இல், தம் முடிவுக்கு ஆதாரமில்லை என அவரே ஒப்புக்கொண்டு அதனைக் கைவிட்டார். அறிஞர் தம் தவறைத் திருத்திக்கொண்டார். இடைப்பட்ட காலத்தில் அத்தகைய புள்ளிகளை நம்பித் தாழ்ந்த வகுப்புக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் வாழ்வைத் திருத்த யாரால் இயலும்? எந்தக் குடியேற்றக்காரரின் பிள்ளைகளுக்கு உதவப் பார்சன்ஸ் முயன்றாரோ, அவர்களையே அவர் தொடக்கிய துறையின் கருவி இவ்வாறு தாழ்த்த நேர்ந்தது.

சோதனைத் தாள் இன்றியும் இத்தீங்கு நிகழக்கூடும். 1940ஆம் ஆண்டளவில், மிச்சிகன் மாநிலத்து மேசன் என்னும் சிற்றூர்ப் பாடசாலையில், எட்டாம் வகுப்பில் மல்கம் லிட்டில் என்ற கறுப்பினச் சிறுவன் படித்துக்கொண்டிருந்தான். வகுப்பின் முன்னணி மாணாக்கருள் அவனும் ஒருவன்; வகுப்புத் தலைவனாகவும் தெரிவானவன். எதிர்காலத்தில் என்ன செய்ய எண்ணுகிறாய் என ஆசிரியர் ஒருவர் கேட்க, சட்டத்தரணியாக விரும்புவதாக அவன் கூறினான். அவ்வாசிரியர் அவன்மீது அன்பில்லாதவர் அல்லர். ஆனால் அவனுடைய இனத்தவர்க்கு அது கைகூடாத ஆசை என்றும், கைவேலையில் வல்லவனாகையால் தச்சுத் தொழிலை எண்ணிப் பார்க்கலாம் என்றும் அறிவுரை கூறினார். அதே வகுப்பில் அவனைவிடக் குறைந்த புள்ளி பெற்ற வெள்ளைப் பிள்ளைகளுக்கோ, அவர்கள் விரும்பிய தொழிலை நாடுமாறு ஊக்கம் கிடைத்தது. அன்றிலிருந்து அச்சிறுவன் மனம் மாறினான். அந்த ஆண்டோடு அவ்வூரைவிட்டு நீங்கினான். பிற்காலத்தில் மல்கம் எக்ஸ் என உலகறிந்தவர் அவரே. 1965இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், தம் வாழ்வின் முதற் பெருந்திருப்பம் அதுவென அவர் குறிப்பிட்டார்.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கற்பாலது. அந்த ஆசிரியர் தீயவர் அல்லர். உலக நடைமுறையை அறிந்து பேசுவதாகவே அவர் எண்ணினார். தச்சுத் தொழிலும் இழிவான தொழிலன்று. அவரின் பிழை வேறு. பிள்ளை கூறியதை அவர் செவிமடுக்கவில்லை. தம் காலத்துச் சமூகத்தின் தப்பெண்ணத்தைப் பிள்ளையின் எல்லையாக வகுத்துவிட்டார். பயிற்சியில்லாத அன்பு எவ்வளவு தூரம் வழி தவறும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது.

செவிமடுத்தலையே வழிகாட்டலின் அடிப்படையாக்கியவர் கார்ள் ரொஜர்ஸ் என்னும் அமெரிக்க உளநூலறிஞர். அவருக்கு முன், மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம்சன், ஆலோசகர் செய்திகளைத் திரட்டி, மாணாக்கரின் நிலையை வைத்தியர் நோயை நிதானிப்பதுபோல் நிதானித்து, தக்க வழியைக் கூறவேண்டும் என்னும் முறையை வளர்த்திருந்தார். அவரின் நூல் 1939இல் வெளிவந்தது. 1942இல் ரொஜர்ஸ் வெளியிட்ட நூலோ இதற்கு மாறான கருத்தைக் கூறிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் ரொச்செஸ்டர் நகரிற் சிறுவர்களுக்கு உதவும் பணியில் ஈடுபட்டிருந்த அவர், தம் இடரைத் தாமே எடுத்துரைத்து ஆராயும் வாய்ப்புக் கிடைத்தால், மனிதர் தம் வழியைத் தாமே காண்பர் என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஆலோசகரின் கடமை அவ்வாய்ப்பை உண்டாக்குதலேயாகும் என்றார்.

பயிற்சி முறையிலும் ரொஜர்ஸ் ஒரு புதுமையைப் புகுத்தினார். ஆலோசகரும் ஆலோசனை நாடி வந்தவரும் பேசிய பேச்சை, வந்தவரின் இசைவோடு, ஒலித்தட்டிற் பதிவு செய்து, அதனைப் பயிலுநருடன் இருந்து கேட்டு ஆராய்ந்தார். தாம் பொறுமையாகக் கேட்டதாக எண்ணிய ஆலோசகர், ஒலிப்பதிவிலே தம் குரலே பெரும்பகுதி ஒலிப்பதைக் கேட்டுத் திடுக்கிடுவதுண்டு. எங்கே குறுக்கிட்டோம், எங்கே பிள்ளையின் தயக்கத்தைப் பொறுக்காது நாமே முடிவு கூறினோம் என்பவற்றை அது ஒளிக்காது காட்டிற்று. பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியருக்குப் பேசாதிருக்கக் கற்பிப்பது எளிதன்று. வழிகாட்டற் பயிற்சியின் கடினமான பகுதி அதுவேயாகும்.

இத்துறை திடீரெனப் பெருகியதற்குக் காரணம் வானத்திலிருந்து வந்தது. 1957 ஒக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்ற செயற்கைச் சந்திரனை விண்ணில் ஏவியது. விஞ்ஞானத்திற் பின்தங்கிவிட்டோம் என்ற அச்சம் அமெரிக்காவைக் கவ்வியது. திறமையுள்ள பிள்ளைகளை இளமையிலேயே கண்டறிந்து விஞ்ஞானத்துறைக்கு அனுப்பவேண்டும் என்ற குரல் எழுந்தது. 1958 செப்டெம்பர் 2ஆம் நாள் ஜனாதிபதி ஐசன்ஹோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் ஐந்தாம் பகுதி பாடசாலை வழிகாட்டலுக்கென ஒதுக்கப்பட்டது. ஆலோசகராக விரும்பும் ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகங்களிற் பயிற்சி வகுப்புகள் நிறுவ அது வகை செய்தது. அரசாங்கப் பாடசாலைகளிலிருந்து வந்து பயில்வோர்க்கு வாரத்துக்கு 75 டொலரும், அவர்களை நம்பி வாழ்வோர் ஒவ்வொருவருக்கும் 15 டொலரும் உதவிப்பணமாக வழங்கப்பட்டன. 1909இற் பொஸ்டன் ஆசிரியர் வகுப்பு முடிந்தபின் களைப்போடு கற்றதை, ஐம்பதாண்டு கழித்து வந்த ஆசிரியர் முழு நேரமும் அமர்ந்து, குடும்பக் கவலையின்றிக் கற்க முடிந்தது. 1964இற் செய்யப்பட்ட திருத்தம் ஆரம்பப் பாடசாலைகளுக்கும் இவ்வசதியை விரித்தது.

அதே காலத்தில், ஹார்வார்ட் பல்கலைக்கழகத் தலைவராயிருந்து ஓய்வுபெற்ற ஜேம்ஸ் கொனன்ட், 1959இல் வெளியிட்ட அறிக்கையில், உயர்தரப் பாடசாலைகளில் 250 முதல் 300 மாணாக்கர்க்கு முழுநேர ஆலோசகர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்றார். நேரம் என்ற பழைய குறைக்கு அது விடையளிக்க முயன்றது.

ஆயினும் இச்சட்டத்தின் உள்ளே ஒரு முரண்பாடு இருந்தது. பிள்ளைக்காக நாடா, நாட்டுக்காகப் பிள்ளையா? அரசாங்கம் பணம் கொடுத்தது விஞ்ஞானிகளைத் தேடிக்கொள்வதற்காக. பயிற்சி பெற்ற ஆலோசகரோ, பிள்ளையின் விருப்பமே முதன்மையானது எனக் கற்றார். தேசத்தின் தேவையும் பிள்ளையின் இயல்பும் ஒத்துப்போகும்போது சிக்கலில்லை. ஒத்துப்போகாதபோது ஆலோசகர் யார் பக்கம் நிற்பது? அன்று எழுந்த இவ்வினா, அரசாங்கம் வழிகாட்டலுக்குப் பணம் செலவிடும் ஒவ்வொரு நாட்டிலும் எழுவதாகும்.

சுதந்திரம் பெற்ற இந்தியாவிலும் இவ்வினா எழுந்தது. வழிகாட்டலுக்கான வித்துகள் அங்கு முன்னரே விதைக்கப்பட்டிருந்தன. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பயன்முறை உளநூற் பகுதி 1938இல் இத்துறையில் இறங்கியது. பம்பாயிற் பாட்லிபோய் என்பவர் 1941இல் தொழில் வழிகாட்டல் நிலையம் ஒன்றை நிறுவினார். ஆயின் இவை பெருநகரங்களின் தனி முயற்சிகள். சாதாரண பாடசாலையின் வாயிலை அவை எட்டவில்லை.

அவ்வாயிலைத் திறக்க முயன்றது 1952இல் இந்திய அரசாங்கம் நியமித்த இடைநிலைக் கல்வி ஆணைக்குழு. அதன் தலைவர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். மகப்பேற்று வைத்தியத்திற் பெயர்பெற்ற இத்தமிழறிஞர், 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். எல்லாப் பிள்ளைகளும் பல்கலைக்கழகப் புகுமுகத்தையே நோக்கி ஒரே பாதையில் நெருக்குவதை ஆணைக்குழு குறையாகக் கண்டது. மானிட இயல், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வாணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளை வகுத்து, பல்நோக்குப் பாடசாலைகளை அமைக்கப் பரிந்துரைத்தது.

இப்பரிந்துரையிலிருந்து வழிகாட்டலின் அவசியம் தானாகவே பிறந்தது. ஏழு கதவுகளைத் திறந்துவிட்டு, பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளையை ஒன்றிற் புகுமாறு கூறினால், எதிற் புகுவது என்று அது எவ்வாறு அறியும்? எனவே பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலர்களும், ‘தொழில் ஆசிரியர்’ எனத்தக்க தொழில் விளக்கும் ஆசிரியர்களும் எல்லாப் பாடசாலைகளுக்கும் படிப்படியாகக் கிடைக்கச் செய்யவேண்டும் என்று 1953ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. இவர்களைப் பயிற்றும் நிலையங்களை நாட்டின் பல பகுதிகளிலும் மத்திய அரசாங்கமே திறக்கவேண்டும் என்றும், மாநிலங்கள் தம் ஆசிரியர்களை அங்கே அனுப்பவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. தொழில்களின் தன்மையைப் பிள்ளைகள் கண்ணாற் காணத் திரைப்படங்கள் தயாரிக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. பொஸ்டனிற் சப்பாத்துத் தொழிலைப் பற்றி ஆசிரியர் கேட்ட சொற்பொழிவின் வழிவந்த யோசனையே இது.

அறிக்கையின் பயனாக 1954இல் தில்லியில் மத்திய கல்வி, தொழில் வழிகாட்டல் நிலையம் தொடங்கியது. 1961இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டபின் இப்பணி அதன் பொறுப்பாயிற்று. வழிகாட்டற்றுறையில் ஆழ்ந்த பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒரு சிலரும், குறுகிய காலப் பயிற்சியோடு தம் பாடங்களையும் கற்பித்துவந்த தொழில் ஆசிரியர் பலரும் உருவாயினர். ஆனால் பாடசாலைகளின் தொகையோ மிகப் பெரிது. இந்நிலையை உணர்ந்த கோத்தாரிக் கல்வி ஆணைக்குழு, 1966இல் அளித்த அறிக்கையில், குறைந்த அளவாகப் பத்து இடைநிலைப் பாடசாலைகளுக்கு ஓர் ஆலோசகர் முறைவைத்துச் செல்லலாம் என்றது. எளிய வழிகாட்டற் பணிகளை அவ்வப் பாடசாலை ஆசிரியரே ஆற்ற வேண்டும். ஆகவே ஆசிரியராக வரும் ஒவ்வொருவருக்கும் அவரின் அடிப்படைப் பயிற்சியிலேயே வழிகாட்டலின் கூறுகளைக் கற்பிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கிராண்ட் ரப்பிட்ஸ் அதிபரின் வழியும் பொஸ்டன் நகரின் வழியும் இவ்வறிக்கையில் ஒன்றாயின.

முந்நூறு பிள்ளைக்கு ஒருவர் எனச் செல்வநாடு கேட்டது. பத்துப் பாடசாலைக்கு ஒருவர் என வளர்முக நாடு கேட்டது. அதனையும் எல்லா இடத்திலும் நிறைவேற்றல் எளிதாயிருக்கவில்லை. ஆகவே சுமையின் பெரும்பகுதி வகுப்பாசிரியரின் தோளிலேயே விழுந்தது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குங்கால், வழிகாட்டற் பயிற்சியில் மூன்று படிகள் புலனாகின்றன. பொஸ்டன் நகரம் ஆசிரியருக்குத் தொழில் உலகைக் காட்டிற்று. போருக்குப் பிந்திய காலம் அளவுகோல்களைக் கையிற் கொடுத்தது. அவற்றை அளவுக்கு மீறி நம்பினால் விளையும் கேட்டையும் காட்டிற்று. ரொஜர்ஸின் காலம் செவிமடுக்கக் கற்பித்தது. இவற்றுள் ஒன்று குறையினும் வழிகாட்டல் குறைவுபடும். தொழில்களை அறியாத ஆசிரியர் பிள்ளையின் ஆசையை வெறும் கனவாக விட்டுவிடுவார். அளவுகோலை மட்டும் நம்புபவர் பிள்ளையைப் புள்ளியாக மாற்றிவிடுவார். செவிமடுக்கக் கல்லாதவர், மேசன் ஊர் ஆசிரியரைப்போல, நல்லது செய்வதாக எண்ணியே ஒரு வாழ்வின் கதவை அடைத்துவிடுவார்.

கணக்குப் பாடத்திற் செய்த பிழையை மறுநாள் திருத்தலாம். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் ‘அது உனக்கு ஆகாது’ என்று கூறிய சொல்லைத் திரும்பப் பெறுதல் கடினம். ஆசிரியர் அதனைக் கூறிய மறுகணம் மறந்துவிடலாம். கேட்ட பிள்ளை இருபத்தைந்து ஆண்டு கழிந்தும் மறப்பதில்லை. இதனாலேயே இப்பணிக்குப் பயிற்சி வேண்டுமென அறிஞர் வற்புறுத்தினர். பயிற்சி பெற்ற ஆசிரியர் எல்லாக் கேள்விகளுக்கும் விடை அறிந்தவர் அல்லர். பிள்ளை தன் விடையைத் தானே தேடும்வரை, அவசரப்படாது அருகில் இருக்கத் தெரிந்தவரே அவர். வடமுனைத் தெருவில் மாலைவேளைகளில் ஏழை இளைஞரோடு அமர்ந்து பார்சன்ஸ் செய்ய முயன்றதும் அதுவேயாகும்.